வலி முழங்காலில், நோய் இடுப்பில்

என் இரண்டு இடுப்பு மூட்டுகளையும் தாக்கியது ஒரே நோய், காரணமும் ஒன்றே. இருந்தும், இடது மூட்டு இன்று உலோகமும் பீங்கானும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த செயற்கை மூட்டாக இருக்கிறது; வலது மூட்டோ பிறவியில் வந்த எலும்போடு இன்னும் என்னைத் தாங்குகிறது. இடப்பக்கம் நோய் தெரியவந்தபோது எலும்பு உள்ளுக்குள் உடையத் தொடங்கியிருந்தது. வலப்பக்கம் தெரியவந்தபோது எனக்கு அங்கே வலியே இல்லை. அவாஸ்குலர் நெக்ரோசிஸ், சுருக்கமாக ஏ.வி.என். என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த எலும்புத் திசு மரணத்தைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதி, அதன் இரண்டு கட்டங்களையும் ஒரே உடம்பில் பார்த்தவள் என்பதுதான்.

நான் கும்பகோணம் பக்கத்தில் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். முப்பது வயதைத் தாண்டிய சில மாதங்களில் எனக்கு லூபஸ் என்று தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோய் அது. என் விஷயத்தில் சிறுநீரகத்தைப் பிடித்திருந்தது. கால் வீங்கி, சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்த நிலையில் முதலில் ஊசி வழியாகவும் பிறகு மாத்திரையாகவும் அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் உப்பியது, பசி அடங்கவில்லை, இரவில் தூக்கம் வரவில்லை. ஆனால் சிறுநீரகம் பிழைத்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரப்போகும் கதையைப் படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டை வில்லனாக்கிவிடக் கூடாது. அந்த மருந்து இல்லாமல் இருந்திருந்தால் இன்று நான் டயாலிசிஸ் படுக்கையில் இருந்திருப்பேன், அல்லது இருந்திருக்கவே மாட்டேன்.

எலும்பு வெறும் சுண்ணாம்புக் கட்டி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது உயிருள்ள திசு. அதற்குள் செல்கள் இருக்கின்றன, அவற்றுக்கு ரத்தம் வேண்டும். தொடை எலும்பின் மேல்முனை ஒரு பந்தைப் போல உருண்டு, இடுப்பெலும்பின் குழிக்குள் பொருந்தியிருக்கிறது. அந்தப் பந்துக்குப் போகும் ரத்தத்தின் பெரும்பகுதி, எலும்பின் கழுத்தை ஒட்டி மேலேறும் சில மெல்லிய நாளங்கள் வழியாகவே போய்ச் சேருகிறது. எங்கள் டெல்டாக்காரர்களுக்குச் சொல்வதென்றால், அது கடைமடை வயல். தலைமடையில் எவ்வளவு தண்ணீர் ஓடினாலும், நடுவில் ஒரு வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடைக்கு மாற்று வழி கிடையாது. ரத்தம் நின்று இரண்டு நாட்களுக்குள் அங்குள்ள எலும்புச் செல்கள் இறந்துவிடுகின்றன.

அதிக ஸ்டீராய்டும் எலும்பை இப்படிச் சாகடிக்கலாம். அது எப்படி என்பதற்கு மருத்துவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளைச் சொல்கிறார்கள். எலும்பு மச்சையில் உள்ள கொழுப்புச் செல்கள் பெருத்து உள்ளழுத்தம் கூடுவது, நுண்ணிய கொழுப்புத் துணுக்குகளோ ரத்தக் கட்டிகளோ சிறு நாளங்களை அடைப்பது, எலும்புச் செல்களையே மருந்து நேராகப் பாதிப்பது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. லூபஸ் நோயும் தன் பங்குக்கு ரத்த நாளங்களைக் கெடுக்கும். அதிக அளவு ஸ்டீராய்டு தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே எம்.ஆர்.ஐ. படத்தில் இந்தப் பாதிப்பு தெரியத் தொடங்கிவிடலாம் என்பதும், வலி வருவதற்கு அதன்பிறகு பல மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தன.

ஏன் உடனே வலிப்பதில்லை? செல்கள் செத்தாலும் எலும்பின் சுண்ணாம்புக் கட்டமைப்பு அப்படியே நிற்கிறது, எடையைத் தாங்குகிறது, எக்ஸ்ரேயிலும் வழக்கம்போலவே தெரிகிறது. உடம்பு அதைச் சரிசெய்ய முயலும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. செத்த எலும்பை அரித்து எடுத்துவிட்டுப் புது எலும்பை வைப்பது உடம்பின் வழக்கம். ஆனால் அரிக்கும் வேகத்துக்குக் கட்டும் வேகம் ஈடுகொடுக்காத இடத்தில் எலும்பு பலவீனப்பட்டு, குருத்தெலும்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய விரிசல் விடுகிறது. நடக்கும்போது நம் எடையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம் இடுப்பு மூட்டின்மேல் விழுகிறது. விரிசல் விட்ட பந்து அந்தப் பாரத்தில் மெல்ல அமுங்கித் தட்டையாகிவிடும். அப்புறம் குழிக்குள் அது வழுக்கி உருளாது, உரசும்.

எனக்கு வலி வந்தது இடது முழங்காலில். கால்மிதி தையல் மிஷினை மணிக்கணக்கில் மிதிப்பவளுக்கு முழங்கால் வலிப்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மா வாயு என்றார், பக்கத்து வீட்டு அத்தை நரம்பு சுருட்டல் என்றார். உள்ளூரில் ஓர் எலும்பு மருத்துவர் முழங்காலைப் படமெடுத்துப் பார்த்து, தேய்மானத்தின் தொடக்கம் என்று சொல்லி, கால்சியம் மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். மாத்திரை போட்டால் அன்றைக்குக் குறையும். ஆனால் வலியின் நடத்தை முழங்கால் வலிக்கு உரியதாக இல்லை. மாடிப்படி ஏறுவதைவிட, சப்பணமிட்டு உட்கார்ந்து எழுவதுதான் கடினமாக இருந்தது. வலது காலின்மேல் இடது காலைத் தூக்கிப் போட்டு மெட்டி மாட்ட முடியவில்லை. சில சமயம் தொடை இடுக்கில் ஒரு சுளீர். படுத்துக்கொண்டிருக்கும்போதும், நடு இரவில்கூட வலித்தது. நாளடைவில் நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதை என் கணவர்தான் முதலில் கவனித்தார்.

லூபஸுக்காக வழக்கமாகப் பார்க்கும் சென்னை வாத நோய் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். அவர் முழங்காலைத் தொடவே இல்லை. மல்லாந்து படுக்கச் சொன்னார். என் இடது முழங்காலை மடக்கி, தொடையை நேர்க்குத்தாக நிறுத்தி, ஒரு கையால் முழங்காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் நகர்த்தினார். பாதம் ஒரு சாண்கூட நகரவில்லை. தொடை இடுக்கில் குத்திய வலியில் நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அதையே வலது காலிலும் செய்து பார்த்தார். அது தாராளமாக நகர்ந்தது.

“முழங்கால்ல ஒண்ணும் இல்லம்மா. இடுப்பப் பாக்கணும். ரெண்டு பக்கமும் பாக்கணும்” என்றார்.

இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் சில பொதுவானவை என்பதால், இடுப்பில் உள்ள நோய் முழங்காலில் வலியாக வெளிப்படுவது மருத்துவத்தில் நன்கு தெரிந்த செய்தி. குழந்தைகளுக்கு வரும் பெர்தெஸ் நோயும் இதே வகைதான். நான்கு முதல் பத்து வயதுக்குள் ஒரு பையன் முழங்கால் வலிக்கிறது என்று நொண்டினால் இடுப்பையும் பார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவர் அன்றே சொன்னார். மருத்துவக் கல்லூரியில் பாடமாகப் படிக்கும் இந்த விஷயம், கூட்டம் நிறைந்த ஒரு கிளினிக்கின் ஐந்து நிமிடத்தில் தவறிவிடுகிறது. நோயாளியாக நம்மால் செய்ய முடிந்தது ஒன்றுண்டு. “ஸ்டீராய்டு நிறைய சாப்பிட்டிருக்கிறேன், எனக்கு ஏ.வி.என். இருக்குமா?” என்று நாமே கேட்டுவிடலாம். கேட்டால் எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சொல்ல மாட்டேன். கோபித்தாலும் கேட்பதே நல்லது.

அந்தச் சந்திப்பில் இன்னொன்றும் வெளியே வந்தது. நான் விழுங்கிக்கொண்டிருந்த வலி மாத்திரையைப் பார்த்ததும் மருத்துவரின் முகம் மாறிவிட்டது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், ஏற்கெனவே லூபஸ் தாக்கிய சிறுநீரகத்துக்குப் பெருங்கேடு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை அவசரமாகச் செய்தார்கள். நல்லவேளையாகச் சிறிதளவே ஏறியிருந்தது. அதன்பிறகு வலிக்குப் பாராசிட்டமால் மட்டுமே, அதுவும் அளவோடு.

முன்பக்கமாக எடுத்த முதல் இடுப்பு எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றே அறிக்கை வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஊருக்குத் திரும்பத் தயாராகத்தான் இருந்தேன். மருத்துவர் விடவில்லை; எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தார். அதில் இரண்டு பக்கமும் நோய் இருந்தது. இடப்பக்கம் பந்தின் மேற்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் செத்திருந்தது. வலப்பக்கம் ஆறில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். பிறகு காலை அகற்றி மடக்கி வைத்து, தவளைக் கால் நிலை என்று சொல்லும் கோணத்தில் எடுத்த எக்ஸ்ரேயில், இடது பந்தின் மேல்விளிம்பை ஒட்டிப் பிறை வடிவில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டி மருத்துவர் பேனா முனையால் தொட்டுக் காட்டியிருக்காவிட்டால் என் கண்ணுக்கு அது பட்டிருக்காது. அந்தக் கோடுதான் விரிசல். அது வந்துவிட்டால், எலும்பைக் காப்பாற்றும் சிகிச்சைகளின் பலன் பெரிதும் குறைந்துவிடுகிறது.

எனவே ஆபத்துக் காரணம் உள்ளவருக்குத் தொடை இடுக்கிலோ, பிட்டத்திலோ, முழங்காலிலோ காரணம் பிடிபடாத வலி இருந்து எக்ஸ்ரே சுத்தமாக வந்தால், விஷயம் அதோடு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பக்கம் உறுதியானால் மறுபக்கத்தையும் சேர்த்தே படமெடுக்கச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டால் வருவது பெரும்பாலும் இரண்டு இடுப்பையும் பிடிக்கும். தோள்பட்டை, முழங்கால், கணுக்கால் எலும்புகளும் விதிவிலக்கில்லை.

ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு மட்டுமே வருகிற நோயும் அல்ல இது. நீண்ட காலம் அதிகமாக மது குடிப்பது இன்னொரு பெரிய காரணம். நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும் அரிவாள் செல் ரத்தசோகையில், வளைந்த சிவப்பணுக்கள் நாளங்களை அடைத்து இதே விளைவை உண்டாக்குகின்றன. ஆழ்கடலில் மூழ்குபவர்கள் வேகமாக மேலே வந்தால் ரத்தத்தில் உண்டாகும் நைட்ரஜன் குமிழ்கள் அடைக்கின்றன. ஆக்ஸிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பயன்படும் என்று 2020 ஜூனில் ஓர் ஆய்வில் தெரிந்தது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாட்கள் என்பதே அந்த ஆய்வில் கொடுத்த அளவு. அடுத்த ஆண்டே மும்பை மருத்துவர்கள், கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட சிலருக்கு இடுப்பில் ஏ.வி.என். வந்ததைப் பதிவு செய்தார்கள். எனக்கு அதைவிட அச்சம் தருவது, மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் பிரித்துக் கொடுக்கும் பெயரில்லாத வெள்ளை மாத்திரைகள்தான். போட்டவுடன் சொர்க்கம்போல் இருக்கும். எத்தனை நாள் எவ்வளவு உள்ளே போனது என்று எங்கும் எழுதியிருக்காது.

அடிபட்டு வருவதும் உண்டு. தொடை எலும்பின் கழுத்து முறிந்தாலோ, இடுப்பு மூட்டு நழுவினாலோ அந்த மெல்லிய நாளங்கள் கிழிந்துபோகலாம். நழுவிய இடுப்பை ஆறு மணி நேரத்துக்குள் மூட்டில் ஏற்றிவிட வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தை எண்ணெய்க் கட்டு போடுமிடத்தில் வரிசையில் உட்கார்ந்து கழிப்பது பெரிய இழப்பு. அதேபோல பைக்கிலிருந்து கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுப் பள்ளத்தில் வலி நீடித்தால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. அங்கிருக்கும் ஸ்கேபாய்டு என்னும் சிற்றெலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்தே நுழைகிறது. நடுவில் முறிந்தால் முழங்கை பக்கமுள்ள துண்டு பட்டினி கிடந்து சாகும்.

என் சிகிச்சைக்கு வருகிறேன். இறந்த எலும்பை உயிர்ப்பிக்க மாத்திரை கிடையாது. அலென்ட்ரோனேட் என்ற மருந்து எலும்பு அரிக்கப்படுவதைத் தாமதப்படுத்தி இடிவதைத் தள்ளிப்போடும் என்று சில ஆய்வுகளும், பயனில்லை என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன; சிறுநீரகத்தைக் கருதி எனக்கு அதைக் கொடுக்கவில்லை. இடிவதற்கு முன்பு செய்யக்கூடிய அறுவை சிகிச்சை கோர் டீகம்ப்ரஷன் எனப்படுவது. தொடையின் பக்கவாட்டிலிருந்து கழுத்து வழியாகப் பந்தின் செத்த பகுதி வரை துளையிட்டு, உள்ளழுத்தத்தைக் குறைத்து, புது நாளங்கள் நுழைய வழி செய்கிறார்கள். அந்தத் துளையில் எலும்புத் துகளோ, நோயாளியின் மச்சையிலிருந்து எடுத்த செல்களோ வைப்பதும் உண்டு. ஸ்டெம் செல் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு எந்தக் கட்டத்திலும் குணப்படுத்துவதாகச் சொல்லும் விளம்பரங்களை நான் நிறையப் பார்த்தேன். பந்து தட்டையானபின் துளையிட்டு உள்ளே எதை வைத்தாலும் அது மறுபடி உருண்டையாகாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் அந்த விளம்பரங்களை எடைபோடலாம்.

மருத்துவர்கள் எனக்குச் சொன்ன திட்டம் முதலில் புதிராக இருந்தது. இடது மூட்டை முழுவதும் மாற்றுவது, அதே மயக்கத்தில் வலது மூட்டில் துளையிடுவது. காரணம் கேட்டேன். துளையிட்ட எலும்பு ஆறு வாரமாவது முழு எடையைத் தாங்கக் கூடாது. தாங்கினால் துளை வழியே முறிந்துவிடலாம். அந்தக் காலத்தில் உடம்பைத் தாங்க இன்னொரு கால் வேண்டும், இடிந்துகொண்டிருக்கும் இடது கால் அதற்கு உதவாது. ஆனால் செயற்கை மூட்டு பொருத்திய கால், மறுநாளே எடையைத் தாங்கும். அப்படியே நடந்தது. வார்டில் எல்லோரும், “புது மூட்டு வைத்த காலை ஏன் இப்படி ஊன்றுகிறாய், சின்னத் தழும்பு உள்ள காலை ஏன் தூக்கி வைத்திருக்கிறாய்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை பெறலாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையும் அதில் அடங்கும். அட்டை இல்லாதவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று முன்கூட்டியே எடுத்து வைப்பது நல்லது. முன் அனுமதிக்கு எம்.ஆர்.ஐ. படமும் எக்ஸ்ரேயும் கேட்பார்கள். அறிக்கைக் காகிதம் மட்டும் போதாது, படத்தையே பத்திரப்படுத்த வேண்டும்.

நம் வீடுகள் தரையை நம்பி அமைந்தவை என்பது இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் உறைக்கும். குந்துவது, சப்பணமிடுவது, தாழ்ந்த மணையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்குவது, கீழே விழுந்த ஊசியைச் சட்டென்று குனிந்து எடுப்பது எல்லாவற்றுக்கும் எனக்குத் தடை. இடுப்பு தொண்ணூறு பாகைக்கு மேல் மடங்கினால் செயற்கை மூட்டு நழுவிவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துவிட வேண்டும். வந்தபிறகு கொத்தனாரைத் தேடினால் திண்டாட்டம்தான். கயிற்றுக் கட்டிலை விலக்கி, முழங்காலுக்குச் சற்று மேல் உயரமுள்ள கட்டில் போட்டோம். இரண்டு கால்களுக்கும் நடுவே தலையணை வைத்துத் தூங்கப் பழக வாரக்கணக்கில் ஆனது. தையல் மிஷினில் கால்மிதியைக் கழற்றிவிட்டு மோட்டார் பொருத்தி, சுவிட்சை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றிக்கொண்டேன். கல்யாண வீட்டில் மேசைப் பந்திக்குக் காத்திருப்பதில் எனக்குச் சங்கடமில்லை. துக்க வீட்டில் எல்லோரும் தரையில் இருக்க நான் மட்டும் நாற்காலி கேட்பதுதான் இன்னும் பழகவில்லை.

கைத்தடியை, வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பிடிக்க வேண்டும். வலிக்கும் பக்கமே பிடிப்பவர்களைத் தெருவில் எத்தனையோ பேரைப் பார்க்கிறேன்; மூட்டின்மேல் விழும் பாரம் அதனால் அவ்வளவாகக் குறையாது. படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கும் கால் முன்னே. அரசுப் பேருந்தின் முதல் படி இந்த விதிகள் எதற்கும் கட்டுப்படாத உயரம். அங்கே கைப்பிடிக் கம்பிதான் துணை.

ஸ்டீராய்டைப் பற்றி மறுபடியும் ஒன்று. ஏ.வி.என். என்று தெரிந்த அன்று என் முதல் எண்ணம், அந்த மாத்திரையை நாளைக்கே தூக்கியெறிய வேண்டும் என்பதாக இருந்தது. நீண்ட நாள் எடுத்துக்கொண்டவர் திடீரென்று நிறுத்தினால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டு சுரப்பு அதற்குள் தூங்கிப்போயிருப்பதால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் வேறு மருந்துகளைச் சேர்த்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, 5 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்திருக்கிறார். எந்த மாதம் எந்த அளவு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான். அந்த நாளில் அளவைக் கூட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

வலது மூட்டு தப்பிவிட்டது என்று எந்த மருத்துவரும் என்னிடம் சொன்னதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் முன்பக்க எக்ஸ்ரேயும் தவளைக் கால் எக்ஸ்ரேயும் எடுத்து, பழைய படத்தின் பக்கத்தில் வைத்துப் பந்தின் மேல்வளைவை ஒப்பிடுகிறார்கள். இதுவரை வளைவு மாறவில்லை. எடை கூடாமல் பார்த்துக்கொள்கிறேன், குடத்தில் தண்ணீர் தூக்குவதில்லை, தொடைத் தசைக்கும் இடுப்புத் தசைக்கும் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைக் காலையில் கட்டிலிலேயே செய்துவிடுகிறேன். இப்போது கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருக்கிறது. செயற்கை மூட்டும் ஸ்டீராய்டும் உள்ளவருக்குக் கிருமித் தொற்று எளிதில் பரவும் என்பதால், பல் மருத்துவரிடம் போவதற்கு முன் மூட்டு மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள்.